‘ரெண்டே வருஷம்’ என்னும் பொய்

“ரெண்டே வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படிச்சிரு கண்ணு. அப்புறம் காலேஜு, ஜாலிதான்.”

கொங்குப் பக்கம் பிளஸ் ஒன் சேரும் பிள்ளை இருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் இந்த வசனம் காதில் விழும். அப்பா சொல்வார், அத்தை சொல்வார், ஃபீஸ் வாங்கும் பள்ளியும் சொல்லும். பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் நடத்துகிறவன் நான். அவர்களை இந்த அளவுக்குக் கெடுத்த பொய் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

பெற்றோரின் பதற்றம் எனக்குப் புரிகிறது. பொறியியலுக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007-ல் ஒழிந்தபின், கவுன்சலிங்கில் இடத்தைத் தீர்மானிப்பது பிளஸ் டூ மதிப்பெண்தான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். அரை மார்க்கில் கல்லூரியே மாறிப்போகும். தறி ஓட்டிப் படிக்கவைக்கிற தகப்பனுக்கு அந்த அரை மார்க் மலையாகத் தெரிவதில் தப்பில்லை. ‘அப்புறம் ஜாலிதான்’ என்கிறாரே, அங்கேதான் தப்பு.

உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து வந்த ஒரு பையன். பிளஸ் டூ கணிதத்தில் 98. விடியுமுன் பெல், இரவு வரை ஸ்டடி ஹவர் என்று வளர்ந்தவன். “அடுத்த பாடத்தை நீயே ஒரு தடவை வாசிச்சுட்டு வாப்பா” என்றேன்.

“எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கம் வரைக்கும் சார்? எது இம்பார்ட்டன்ட்?”

“வாசிச்சுப் பார்த்து நீயே சொல்லு.”

புத்தகத்தைப் புரட்டியபடி நின்றான். என்னையும் பார்த்தான், புத்தகத்தையும் பார்த்தான். மக்குப் பையன் இல்லை. இரண்டு வருஷத்தில் ஒருவரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

மதிப்பெண் வேட்டையில் முதல் பலி பிளஸ் ஒன். அந்தப் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்த பள்ளிகள் ஊரறிந்தவை. அதைத் தடுக்கத்தான் 2017-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் அது ரத்தானது. பிள்ளைகளின் சுமை குறைவது நல்லதுதான். பழைய குறுக்குவழி மறுபடி திறக்காமல் யார் பார்த்துக்கொள்வது? அணிகள், வெக்டர், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் எல்லாம் பிளஸ் ஒன் புத்தகத்தில்தான் தொடங்குகின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணிதத் தாளின் பெயரே ‘அணிகளும் நுண்கணிதமும்’. அஸ்திவாரத்தைத் தாண்டிக் குதித்து வந்த பிள்ளை, முதல் மாதமே தடுக்கி விழுகிறது.

தேர்வின் முகமும் மாறுகிறது. பிளஸ் டூ இயற்பியலில் பெரிய கேள்விக்கு 5 மார்க். இங்கே 13 மார்க், 15 மார்க். புக் பேக் ஒன் வேர்டு கிடையாது. எழுப்ப வார்டன் வரமாட்டார், “படிச்சியா” என்று கேட்கவும் ஆள் இல்லை. ஜாலி என்று நம்பி வந்தவன் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் இரண்டு அரியரோடு ஊருக்குப் போகிறான். வீட்டில் சொல்வதில்லை. பள்ளியோடு முடிந்தது கஷ்டமெல்லாம் என்றுதானே அவனுக்குச் சொல்லியிருக்கிறோம். அரியர் வந்தால் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்கிறான். ஸ்டாண்டிங் அரியர் இருந்தால் வளாக நேர்காணலில் உட்காரவே விடாத நிறுவனங்கள் உண்டு என்பது மூன்றாம் வருஷத்தில்தான் அவன் காதுக்கு எட்டுகிறது.

பள்ளிக்கு இதில் நஷ்டமில்லை. கட்-ஆஃபை ஃபிளெக்ஸில் அச்சடித்ததோடு அதன் கணக்கு முடிந்தது. முதல் செமஸ்டர் முடிவை எந்தப் பள்ளியும் ஃபிளெக்ஸ் போடுவதில்லை.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். பிளஸ் டூ முடிவதற்குள் வாரம் ஒரு பாடத்தையாவது நோட்ஸ் இல்லாமல், டியூஷன் இல்லாமல் பிள்ளை தானே வாசிக்கட்டும். பேங்குக்குத் தனியாகப் போய்ச் சலான் எழுதட்டும், தன் துணியைத் தானே துவைக்கட்டும். நாலு மார்க் குறைந்தால் குறையட்டும். ரிசல்ட் வந்த அன்றைக்கு “முடிஞ்சுது கண்ணு” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை நம்பி வருகிற பிள்ளையிடம் “இல்லப்பா, இனிமேதான்” என்று ஒவ்வொரு வருஷமும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.