ஆயா

பால்வாடியில் பிள்ளைகளைப் பராமரிக்கும் ஸ்திரீயை அரசாங்கக் காகிதங்கள் ‘அங்கன்வாடி உதவியாளர்’ என்று எழுதினாலும், அத்திப்பட்டில் காலை மின்சார ரயிலைப் பிடித்துக் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கு ஓடும் தாய்மார்கள், “ஆயா, இவனுக்கு ராத்திரியெல்லாம் சளி, கொஞ்சம் பாத்துக்கோங்க” என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

‘ஆயா’ என்ற இந்த உத்தியோகப் பெயர் போர்த்துகீசியருடையது. பிரபுக்கள் வீட்டுச் செவிலியைக் குறித்த சொல் அது. தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னல், யூல் என்பவரோடு சேர்ந்து தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியும் அந்த மூலத்தையே காட்டுகிறது. டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டுவதற்கு முன்பே போர்த்துகீசியர் குடியேறியிருந்த பழவேற்காடு நமக்கு வடக்கே சமீபத்தில்தான் இருப்பதால், சொல் அங்கேதான் கரையேறிற்று என்று ஊர்ப்பற்றினால் சொல்லிவிடலாம். ஆனால் கோவாவும் கொச்சியும் சண்டைக்கு வரும்.

துரைமார் குழந்தைகளை மடியில் வைத்துக் கப்பலில் சீமைவரை கொண்டுபோய்ச் சேர்த்தபின், திரும்பக் கட்டணமின்றிக் கைவிடப்பட்ட ஆயாக்களும் உண்டு. அத்தகையோர் தங்கவென்று லண்டன் ஹாக்னியில் 1900 முதல் ஓர் ‘ஆயாக்கள் இல்லம்’ நடந்தது. அந்த வீட்டுக்கு நினைவுப் பலகை வாய்த்தது 2022-இல்தான்.

தமிழிலோ ‘ஆய்’ என்பது தாயைக் குறித்த புராதனச் சொல்; யாய், ஞாய் என்பன அதன் சுற்றம். நம் வடமாவட்டங்களிலும் செட்டிநாட்டிலும் பாட்டியே ஆயாதான். கடல் கடந்து வந்த வேலைக்காரியின் பட்டமும் வீட்டுக் கிழவியின் உறவுப் பெயரும் உருவில் ஒன்றிப்போனது தற்செயல். அதனால் லாபமடைந்தவர்கள் என்னவோ சம்பளம் கொடுக்க வேண்டியவர்களே, ஏனெனில் பாட்டி கூலி கேட்பதில்லை. 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஆரம்பமானபோது, அதில் சேர்ந்த பெண்களுக்கு ஊதியம் என்று சொல்லாமல் ‘மதிப்பூதியம்’ என்று சொன்னதில் இந்த மனோபாவம் இல்லையென்று சாதிக்க எமக்குத் துணிவில்லை.

தமிழ்நாட்டில் பிற்பாடு அது ‘சிறப்புக் காலமுறை ஊதியம்’ ஆயிற்று. சிறப்பு என்ற அடைமொழி சேர்ந்ததும் தொகை சாதாரணக் காலமுறைக்குக் கீழே நின்றுவிடுவது நிர்வாகத் தமிழின் விநோதங்களில் ஒன்று. பெயர் உதவியாளர் என்று உயர்ந்த பிறகும், தூசி படிந்த பாயை உதறி விரிப்பதும், சத்துமாவை உருண்டை பிடிப்பதும், முந்தானையால் மூக்கைத் துடைத்துவிடுவதும், நனைந்த கால்சட்டையை அலசிக் கொடியில் போடுவதும் அவள் வேலையாகவே இருக்கின்றன. அவர்களுடைய சங்கங்கள் நெடுங்காலமாக மனுக் கொடுத்து வருவது பெயரைப் பற்றியன்று, அடைமொழியற்ற காலமுறை ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் பற்றி.