அமெரிக்கப் பங்கும் திண்டுக்கல் கூலியும்

கூலியில் மாதம் ஒரு சிறு தொகையை மியூச்சுவல் பண்டில் போடுங்கள், அமெரிக்காவின் ராட்சதக் கம்பெனிகளில் நீங்களும் பங்குதாரர் ஆகலாம் என்ற பிரசாரம் இன்று தொழிலாளியின் சட்டைப் பையிலுள்ள கைபேசி வரை வந்து சேர்ந்துவிட்டது. 2017-ல் பண்டு கம்பெனிகளின் சங்கம் நாடு முழுவதும் பெரும் விளம்பரத்தைத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் ஸ்டேட் பாங்கியின் பண்டு ஸ்தாபனம் மாதம் 250 ரூபாய் கட்டும் திட்டத்தைக் கொண்டு வந்தது. உத்தியோகஸ்தர்களுக்கும் வியாபாரிகளுக்கும் மட்டும் என்றிருந்த விஷயம், இப்போது வேடசந்தூர் நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்க்கிறவரையும், நிலக்கோட்டைத் தோட்டத்தில் விடியுமுன் மல்லிகை பறிக்கிற பெண்ணையும் தேடி வருகிறது.

இதுபற்றிக் கட்சி என்ன சொல்கிறது என்று தோழர்கள் கேட்பது நியாயமே. "எல்லாம் சூதாட்டம், தொடாதே" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டுப் போகலாம். அது சோம்பேறிகள் சொல்லும் பதில். தொழிலாளிக்கு முதுமை உண்டு, நோய் உண்டு, மகள் கல்யாணம் உண்டு. அவர் நாலு காசு சேர்க்க நினைப்பதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. அந்தக் காசு எங்கே போகிறது, யார் கையில் சுழல்கிறது, யார் அதில் கொழுக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். மியூச்சுவல் பண்டு என்பது பெருந்துறை ஈமுக் கோழி வியாபாரம் அல்ல. 2012-ல் அந்தக் கோழிப் பண்ணைகள் மூடப்பட்டபோது கொங்கு நாட்டுச் சிறு விவசாயிகள் அழுத கண்ணீர் நமக்கு நினைவிருக்கிறது. நிலம் தருகிறோம் என்று நாடெங்கும் ஏழைகளிடம் வசூலித்த பி.ஏ.சி.எல். கம்பெனி, 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று 2014-ல் செபி உத்தரவிட்டதும் நினைவிருக்கிறது. அவை மோசடிகள். பண்டு அப்படியல்ல. செபியின் சட்ட திட்டத்துக்கு உட்பட்டது. வாங்கிய பங்குகள் தனிப் பாதுகாப்பில் வைக்கப்படுகின்றன. தினமும் விலை அறிவிக்கப்படுகிறது. ஆயிரம் பேர் போட்ட பணத்தைச் சேர்த்து, ஒரு நிர்வாகி நூறு கம்பெனிப் பங்குகளை வாங்குகிறார். விலை ஏறினால் எல்லோருக்கும் ஏற்றம், இறங்கினால் எல்லோருக்கும் இறக்கம். ஏறினாலும் இறங்கினாலும் நிர்வாகக் கட்டணம் மட்டும் தவறாது. ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் என்றால் 1500 ரூபாய். நஷ்டம் வந்த வருஷத்திலும் அதை எடுத்துக்கொண்டுதான் மீதியைக் காட்டுவார்கள். 'ரெகுலர்' என்ற திட்டத்தில் ஏஜெண்டின் கமிஷனும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். 'டைரக்ட்' என்ற திட்டத்தில் அந்தக் கமிஷன் கிடையாது. இந்த வித்தியாசத்தை எந்த ஏஜெண்டாவது தானாக எடுத்துச் சொன்னால் அவரைப் பாராட்டலாம்!

சட்டத்துக்கு உட்பட்டது என்பதால் பத்திரமானது ஆகிவிடுமா? சர்க்காரே 1964-ல் தொடங்கிய யூனிட் டிரஸ்ட் இருந்தது. அதன் 'யு.எஸ்.64' திட்டத்தில் ஓய்வு பெற்றவர்களும் விதவைகளும் பாங்கியில் போடுவது போல நம்பிப் போட்டார்கள். 2001 ஜூலையில் ஒருநாள் கதவை இழுத்துச் சாத்தினார்கள். யாரும் பணம் எடுக்க முடியாது என்றார்கள். கதவு சாத்துவதற்கு முன்பே, ஏப்ரல், மே மாதங்களில் 4000 கோடி ரூபாய்க்கு மேல் வெளியே போயிருந்தது. அதில் பெரும்பகுதி பெரும் கம்பெனிகள் எடுத்துக்கொண்ட பணம். கூரை ஒழுகுவது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, பென்ஷன்காரருக்குத் தெரியவில்லை. பின்னால் அந்த ஓட்டையைச் சர்க்கார் எதைக்கொண்டு அடைத்தது? ஜனங்களின் வரிப்பணத்தைக் கொண்டுதான். 2020 ஏப்ரலில் பிராங்க்ளின் டெம்பிள்டன் என்ற அந்நியப் பண்டு ஸ்தாபனமும் ஆறு திட்டங்களை ஒரே நாளில் மூடியது. போட்டவர்கள் தங்கள் பணத்தைத் தவணை தவணையாகத்தான் பார்த்தார்கள்.

இனி அந்நியப் பங்குக்கு வருவோம். அமெரிக்கச் சந்தை எப்போதும் ஏறுமுகம் என்பது ஏஜெண்டுகளின் பல்லவி. அதே அமெரிக்காவில், புதுக் கம்பெனிகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச்சில் உச்சிக்குப் போய், 2002-க்குள் முக்கால் பங்குக்கு மேல் இழந்தது. பழைய உச்சியை மறுபடி தொட 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதினைந்து வருஷம்! செல்வந்தர் பதினைந்து வருஷம் காத்திருப்பார். நாற்பத்தைந்து வயதில் நூல் தூசியால் மூச்சு முட்டி வேலையை விடும் தொழிலாளி காத்திருக்க முடியுமா? 2022-லும் அதே குறியீடு ஒரே வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது.

இன்னொரு சூட்சுமம் உண்டு. அதை யாரும் விளக்குவதில்லை. 2011-ல் ஒரு டாலருக்கு சுமார் 45 ரூபாய். 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. ஆகவே, 2011-ல் வாங்கிய அமெரிக்கப் பங்கு அங்கே ஒரு சென்ட் கூட ஏறாமலே இங்கே இரட்டிப்பாகத் தெரியும். ஆண்டுக்கு ஐந்து சதவீத லாபம் என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது லாபமா? ரூபாயின் வீழ்ச்சிதானே அது? அதே வீழ்ச்சிதான் டீசலையும் பாமாயிலையும் பருப்பையும் விலையேற்றுகிறது. மாதம் 250 ரூபாய் போடுகிறவருக்கு வலது கையில் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு, மளிகைக் கடையில் இடது கையிலிருந்து நூறு ரூபாயைப் பறிக்கிற கணக்கு இது. கோடி ரூபாய் போட்டவருக்கு மளிகைச் செலவு ஒரு பொருட்டே அல்ல. ஆகவே ரூபாய் விழுந்தால் அவருக்குக் கொண்டாட்டம்.

நினைத்தபோது போடலாம் என்பதும் முழு உண்மை அல்ல. பண்டு கம்பெனிகள் அனைத்தும் சேர்ந்து வெளிநாட்டில் 700 கோடி டாலர் வரைதான் போடலாம் என்று வரம்பு வைத்திருந்தார்கள். 2022 தொடக்கத்தில் அந்த வரம்பு நிரம்பியதும், பல திட்டங்கள் புதுப் பணம் வாங்குவதை நிறுத்திவிட்டன. பணக்காரருக்கு அது தடையாக இல்லை. தன் பெயரிலேயே ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் பாங்கி விதி அவருக்கு வேறு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

சரி, லாபமே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த லாபம் எங்கிருந்து வருகிறது? இதற்கு நியூயார்க் போக வேண்டாம், நம் ஜில்லாவிலேயே பதில் இருக்கிறது. கேப், பி.வி.எச். என்ற ஆடைக் கம்பெனிகளின் பங்குகள் நியூயார்க் சந்தையிலும், எச் அண்டு எம் பங்குகள் ஸ்டாக்ஹோம் சந்தையிலும் விற்கின்றன. இவற்றுக்கு ஆடை தைத்து அனுப்பிய கம்பெனியின் தொழிற்சாலை திண்டுக்கல் பக்கத்தில் இருந்தது. அங்கே வேலை செய்த ஒரு தலித் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். பெண்கள் மீதான கொடுமைகள் வெளியே வந்தன. பெண் தொழிலாளர்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. அதன் பயனாக 2022-ல் உற்பத்தி செய்யும் ஈஸ்ட்மேன் கம்பெனியும், மேற்சொன்ன மூன்று அந்நியக் கம்பெனிகளும் கையெழுத்திட நேர்ந்தது. உலகமெங்கும் அதைத் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே அழைக்கிறார்கள். நம் ஊர்ப் பெயரை உலகத் தொழிலாளர் வரலாற்றில் எழுதியவர்கள் அந்தப் பெண்கள்.

இப்போது எண்ணிப் பாருங்கள். கேப் பங்கு வைத்திருக்கும் பண்டில் நம் தொழிலாளி பணம் போடுகிறார். தையல் மெஷினில் அவருடைய தங்கையை இன்னும் வேகமாக ஓட்டினால் அண்ணனின் பங்கு விலை ஏறுகிறது. தங்கைக்குக் கூலி உயர்ந்தால் அண்ணனுக்கு நஷ்டம் என்று ஏஜெண்டு வருத்தப்படுகிறார்! ஒரே வீட்டுக்குள் முதலாளியையும் தொழிலாளியையும் குடிவைக்கிற தந்திரம் இது. பங்குதாரர் என்ற பெயர்தான் அவருக்கு. கம்பெனிக் கூட்டத்தில் ஓட்டுப் போடுவதோ பண்டு நிர்வாகி. அமெரிக்காவின் பிளாக்ராக் என்ற ஒரே ஸ்தாபனம் 10 லட்சம் கோடி டாலருக்கு மேற்பட்ட பிறர் பணத்தை ஆள்கிறது. கூப்பன் வெட்டி வாழும் கூட்டத்தைப் பற்றி லெனின் 1916-ல் எழுதினார். அன்று அந்தக் கூட்டம் சிறியது. இன்று தொழிலாளியையும் அதன் வாலில் கட்டிவிடப் பார்க்கிறார்கள், ஓட்டு இல்லாமல்.

பங்கு என்ற சொல்லுக்கே தமிழ் நாட்டில் வேறொரு சரித்திரம் உண்டு. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று திட்டமிட்டார். வெள்ளையன் கப்பலுக்குப் போட்டியாக ஜனங்களின் பணத்தைத் திரட்டினார். ஆனால் பங்கு விற்றதோடு அவர் நிற்கவில்லை. 1908-ல் தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனியின் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சுப்பிரமணிய சிவாவோடு அவர்கள் பக்கம் நின்றார். கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அதற்குப் பரிசாகச் சர்க்கார் அவரைச் சிறையில் தள்ளியது. கப்பல் கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்டது. அங்கே பங்கு வாங்கியவரும் வேலைநிறுத்தம் செய்தவரும் ஒரே அணியில் இருந்தார்கள். இன்றைய பண்டு அப்படி யாரையும் சேர்ப்பதில்லை.

தொழிலாளியின் சேமிப்பைப் பற்றி இவ்வளவு அக்கறை காட்டுகிறவர்கள், அவர் ஏற்கெனவே சேமித்த பணத்தை என்ன செய்தார்கள்? நம் நூற்பாலைகளில் 'சுமங்கலி' என்ற பெயரில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கொண்டுவந்து விடுதியில் அடைத்தார்கள். கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்கள். இடையில் நோய்வாய்ப்பட்டு வீடு திரும்பிய எத்தனையோ பெண்கள் அந்தத் தொகையைக் கண்ணால் பார்க்கவில்லை. வட்டியில்லாமல் முதலாளி சுழற்றிய மூலதனம் அது. தொழிலாளியின் சேமிப்பு என்று எவராவது பேசினால், முதலில் அந்தப் பாக்கிக்குப் பதில் சொல்லட்டும்.

அடுத்தது வைப்பு நிதி. 1952-ல் சட்டமான அந்த உரிமை தொழிலாளர்கள் போராடிப் பெற்றது. 2015 ஆகஸ்டிலிருந்து மத்திய சர்க்கார் அதிலும் கை வைத்தது. மத்தியத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தும் கேட்காமல், புதிதாகச் சேரும் பணத்தில் 5 சதவீதத்தைப் பங்குச் சந்தைப் பண்டில் போடத் தொடங்கினார்கள். பிறகு 10, பிறகு 15 சதவீதம். தொழிலாளியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 2020-ல் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே சந்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அந்த ஆண்டுக்கு அறிவித்த எட்டரை சதவீத வட்டியை ஒரே தவணையில் தர முடியாமல், இப்போது 8.15, பங்கை விற்ற பிறகு 0.35 என்று பிரித்துத் தருவதாகச் சொன்னார்கள். 2021-22-க்கு வட்டி 8.1 சதவீதமாக இறங்கியது. நாற்பது ஆண்டுகளில் இவ்வளவு குறைந்ததில்லை. குறைந்தபட்சப் பென்ஷனோ 2014-ல் வைத்த அதே மாதம் 1000 ரூபாய். இதுவரை வைப்பு நிதி உள்நாட்டுப் பங்குகளோடு நிற்கிறது. நாளைக்கு நியூயார்க் வரை கொண்டுபோக வேண்டும் என்று எந்த மேதாவி யோசனை சொன்னாலும், தொழிற்சங்கங்கள் அதை அன்றே தடுத்தாக வேண்டும். தனி மனிதர் தன் விருப்பப்படி பண்டில் போடுவது வேறு, ஏழு கோடிப் பேரின் முதுமையை அவர்களைக் கேட்காமல் சந்தையில் வைப்பது வேறு.

விவசாயத் தொழிலாளிக்கோ வைப்பு நிதியே கிடையாது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மூட்டை சுமக்கிறவருக்கும், அய்யலூரில் தக்காளி பறிக்கிற பெண்ணுக்கும் முதல் பிரச்சினை கடன். நூற்றுக்கு மாதம் மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36. எந்தப் பண்டும், எந்த அமெரிக்கக் கம்பெனியும் ஆண்டுதோறும் 36 சதவீதம் தருவதாக உறுதி சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. ஆகவே கடன் உள்ளவர் கையில் 250 ரூபாய் மிஞ்சினால், அதைக் கடனில் கட்டுவதே அவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய, மிக நிச்சயமான லாபம். கடனும் இல்லை, அவசரச் செலவுக்கு ஆறு மாதத்துப் பணமும் ஒதுக்கியாயிற்று என்கிறவர் பண்டில் போட விரும்பினால், நாம் குறுக்கே நிற்கவில்லை. 'டைரக்ட்' திட்டமா என்று கேட்கட்டும், கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கட்டும், பத்து வருஷம் தொடத் தேவையில்லாத பணமா என்று யோசித்துப் போடட்டும்.

நம் கோரிக்கைகள் வேறு. வைப்பு நிதிப் பணத்தைப் பங்குச் சந்தையிலிருந்து திரும்ப எடு. வட்டிக்குச் சர்க்கார் உத்தரவாதம் கொடு. குறைந்தபட்சப் பென்ஷனை ஒரு மனிதர் உயிர் வாழும் அளவுக்கு உயர்த்து. காண்டிராக்ட் தொழிலாளி, விடுதியில் அடைந்துள்ள பெண், ஒடிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்துள்ள தொழிலாளி ஆகிய அனைவருக்கும் முழுக் கூலியின் பேரில் வைப்பு நிதி பிடித்து, முதலாளியின் பங்கையும் கட்டு. விவசாயத் தொழிலாளிக்குச் சர்க்கார் பொறுப்பில் முதியோர் பென்ஷன் கொடு.

இதற்கிடையே இந்த மாதமே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. கூலியில் வைப்பு நிதி என்று பிடித்தம் செய்கிறார்கள் அல்லவா? அது உண்மையில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா, முதலாளியின் பங்கு சேர்ந்திருக்கிறதா என்று கைபேசியிலேயே பாஸ்புத்தகத்தைப் பார்க்கலாம். பார்க்கத் தெரியாதவர்கள் கூலிச் சீட்டோடு சங்க ஆபீசுக்கு வரவேண்டும். விடுபட்ட மாதங்களைக் குறித்து, ஆலை வாரியாகப் பட்டியல் எடுத்து, திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத் தோழர்கள் வைப்பு நிதி அலுவலகத்துக்குப் புகாராகக் கொண்டுபோக வேண்டும்.