கடைமடை நரம்புகள்



வயதான குதிரை நடையில் கால் இடறினால் அதற்குச் சட்டென்று கிடைக்கும் பெயர் 'சோம்பேறி'. சில இடங்களில் பெயரோடு சவுக்கும் சேர்ந்து விழுகிறது. அந்த இடறலுக்குப் பின்னே மூட்டுவலி இருக்கலாம், பார்வை மங்கியிருக்கலாம். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு: நரம்புக்கும் வயதாகிறது. இந்த இதழில் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும் என்று தோன்றியது.

குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. எலும்பு, தசைநாண், இரத்தக்குழாய், நரம்பு, தோல், கடைசியில் குளம்பு, அவ்வளவுதான். குளம்பு எங்கே ஊன்றியது, தரை சரிவா சமமா என்ற செய்தியை மேலே கொண்டுபோவது அந்த நரம்புகள். அவற்றின் ஒவ்வோர் இழையும் ஒரே செல்லின் நீட்சி. செல்லின் மையம் முதுகுத்தண்டை ஒட்டி இருக்கிறது. முனை குளம்புக்குள் இருக்கிறது. முனைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி மையத்திலேயே தயாராகி, இழைக்குள்ளேயே நகர்ந்து வந்து சேர வேண்டும். அவசரச் சரக்கு நாளொன்றுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் போகும். இழையைத் தாங்கி நிற்கும் கட்டுமானப் புரதங்களோ நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான் நகரும். காவிரிப் படுகையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆற்றில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தான். வயதாகும்போது நரம்பிலும் முதலில் தேய்வது நுனிதான்.

நலமாக நடமாடும் வயதான குதிரைகளின் கால் நரம்புகளை நுண்ணோக்கியில் பார்த்தாலும் இந்தத் தேய்மானம் தெரிகிறது. இழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறை சில இடங்களில் கழன்றிருக்கும். சில இடங்களில் மெல்லியதாகப் புதிதாய்ச் சுற்றப்பட்டிருக்கும். அழிந்த இழை இருந்த இடத்தில் மெல்லிய புது இழைகள் கொத்தாக முளைத்திருக்கும். உடல் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இவையெல்லாம் சாட்சி. ஆனாலும் புதுப்பித்த உறை பழையதைப் போல அமைவதில்லை. செய்தியின் வேகம் குறைகிறது.

நீளம் எவ்வளவு பெரிய சுமை என்பதைக் குரல்வளைக்குப் போகும் இடப்பக்க நரம்பு காட்டுகிறது. மூளையின் அடியில் புறப்பட்டு, கழுத்து வழியே நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்துக்கு மேலே பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கழுத்தில் ஏறிக் குரல்வளையை அடைகிறது. பெரிய குதிரைகளில் இது இரண்டரை மீட்டர் வரை நீளும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும் புரதம் இதன் முனையைத் தொட ஏறக்குறைய ஏழு ஆண்டு ஆகும்! இந்த நரம்பு நலிந்தால் மூச்சுவழியைத் திறக்கும் தசை சூம்பிவிடும். குதிரை வாயால் மூச்சுவிட இயலாத பிராணி. ஆகவே பாய்ந்து ஓடும்போது மூச்சை உள்ளிழுக்கையில் உறுமல் போன்ற ஓசை வரும், ஓட்டம் தளரும். இது முதுமை நோயல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயரமான இனங்களில் இளம் வயதிலேயே தொடங்கிவிடுகிறது. வயது, நோய் இரண்டுமே நீண்ட நரம்பின் நுனியைத்தான் முதலில் தேடிப் போகின்றன.

வயதைத் தடுக்க நம்மால் முடியாது. ஆனால் தீவனம் நம் கையில் இருக்கிறது. 1990இல் அமெரிக்காவில் ஒரு நோய் முதன்முதலாகப் பதிவானது. தசைகளை இயக்கும் நரம்பு செல்களே அழிந்து, குதிரை இளைத்து, நடுங்கி, நின்ற இடத்தில் நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி ஊன்றும். பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் பச்சைப்புல்லையே காணாமல் லாயத்தில் அடைபட்டுக் கிடந்தவை. காரணம் வைட்டமின் ஈ குறைபாடு. பச்சைப்புல்லில் தாராளமாக இருக்கும் அந்தச் சத்து, புல்லை வெட்டிக் காயவைத்துச் சேமிக்கும்போது பெருமளவு போய்விடுகிறது. வைக்கோலும் கொள்ளும் வயிற்றை நிரப்பும். இந்தக் குறையை நிரப்பாது. கொஞ்சம் அறுகம்புல், ஒரு கட்டுக் குதிரைமசால், வாய்ப்பிருந்தால் தினமும் சிறிது நேரம் மேய்ச்சல் என்று கிடைத்தால் கிழக்குதிரைக்கு அது மருந்துக்கு நிகர்.

கால் மரத்துப்போகிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்வார்கள், நாமும் வைத்தியரிடம் அழைத்துப் போவோம். குதிரை சொல்லாது. குளம்பின் நுனி தரையில் உரசித் தேய்வது, திரும்பும்போது பின்னங்கால் தடுமாறுவது, தொடைத் தசை ஒரு பக்கம் மட்டும் வற்றுவது ஆகியவைதான் அதன் பேச்சு. குதிரை வைத்திருப்பவர்கள் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குளிர்ந்த காலையில் நரம்பு இன்னும் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஏறி அமரும் முன் சற்று நேரம் கையில் பிடித்து நடத்துங்கள்.

மெரினாவிலோ கொடைக்கானல் ஏரிக்கரையிலோ பிள்ளைகளைக் குதிரையேற்ற நிற்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏறும் முன் அதன் நடையை ஒரு நிமிடம் பாருங்கள். தடுமாறினால் சவாரி வேண்டாம் என்று சொல்லுங்கள். குதிரைக்காரரிடம் அதன் வயதைக் கேட்டு, மருத்துவரிடம் காட்டும்படி தன்மையாக எடுத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்