முதலாவதாக வருவது யார் சொல்லி வருகிறது?



கூகுளில் ஒன்றைத் தேடும்போது முதலாவதாக வரும் இணையத்தளத்தை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது யார் என்று வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். "அதைத் தீர்மானிக்க ஒரு சபை இருக்கிறதா? அல்லது காசு கொடுத்தவர்களை முன்னுக்கு விடுகிறார்களா?" என்பது அவருடைய கேள்வி. இந்த மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன். மருந்து, காணி, வெளிநாட்டு வேலை, உதவிப்பணம் என்று எதுவானாலும் இன்று எம்மில் பலர் முதலில் கேட்பது கைத்தொலைபேசியிடம்தான். அது சொல்லும் முதல் பதிலை நம்பித்தான் பஸ் ஏறுகிறோம்.

சபை ஒன்றும் இல்லை. காசு கொடுத்தவர்களும் மேலே வருவார்கள், ஆனால் அவர்களுடைய தளத்தின் அருகில் அது விளம்பரம் என்பதைச் சொல்லும் ஒரு சிறு குறிப்பு இருக்கும். எழுத்து மிகச் சிறியது, கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். அவற்றைத் தள்ளிவிட்டால் மிஞ்சுபவைதான் எமது விடயம்.

இடம்பெயர்ந்து முன்பின் தெரியாத ஓர் ஊரில் போய் இருந்த நாட்களை நினைத்துக் கொள்ளுங்கள். பிள்ளை மரத்தால் விழுந்து கையை முறித்துவிட்டது. முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியார் யாரென்று எமக்குத் தெரியாது. கிணற்றடியில் நிற்பவர்களிடம் கேட்கிறோம். பத்துப் பேரில் ஏழு பேர் ஒருவருடைய பெயரைச் சொன்னால் அவரிடம் போகிறோம். அதிலும் அந்த ஊர்க் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரைச் சொன்னால், மற்ற ஏழு பேருடைய சொல்லையும் விட அந்தச் சொல்லுக்குக் கனம் கூட. ஏனென்றால் ஊரே அவருடைய சொல்லைக் கேட்கிறது. பரியாரியாரின் திறமையை நாம் சோதித்துப் பார்க்கவில்லை. அவரை யார் யார் கைகாட்டினார்கள் என்பதைத்தான் பார்த்தோம்.

தேடுபொறியும் இதைத்தான் செய்கிறது. ஆரம்பத்தில் அப்படி இருக்கவில்லை. 1995இல் வந்த அல்ரா விஸ்ரா போன்ற தேடுபொறிகள், நாம் தேடும் சொல் எந்தப் பக்கத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதையே பெரிதும் பார்த்தன. உடனே ஆட்கள் விளையாடத் தொடங்கிவிட்டார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தார்கள். வாசிப்பவருடைய கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, இயந்திரத்துக்கு மட்டும் தெரியும்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லரி பேஜ், சேர்ஜி பிரின் என்ற இரு மாணவர்கள் 1996 அளவில் வேறு வழியில் போனார்கள். இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போக இணைப்பு இருக்கிறதல்லவா, தொட்டால் அங்கே போய்விடும். ஒவ்வோர் இணைப்பையும் ஒரு கைகாட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் தனக்குள்ள மதிப்பைத் தான் காட்டும் பக்கங்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும். இரண்டு பேரை மட்டும் காட்டினால் ஆளுக்குப் பாதி. நூறு பேரைக் காட்டினால் நூறில் ஒன்றுதான். எல்லோரையும் நல்லவர் என்று சொல்பவருடைய சொல்லுக்கு ஊரிலும் அவ்வளவுதானே மதிப்பு!

ஒரு சிக்கல் இருக்கிறது. என் மதிப்பு என்னைக் காட்டுபவரின் மதிப்பில் தங்கியிருக்கிறது, அவருடைய மதிப்பு அவரைக் காட்டுபவரில் தங்கியிருக்கிறது. எங்கே தொடங்குவது? எல்லோருக்கும் சமமாகக் கொடுத்துத் தொடங்கி, பங்கு பிரிப்பதைத் திருப்பித் திருப்பிச் செய்தார்கள். சில சுற்றுக்களின் பின் எண்கள் மாறாமல் நின்றுவிடும். 2 கோடியே 60 இலட்சம் பக்கங்களுக்கு இந்தக் கணக்கை ஒரு நடுத்தரக் கணனியில் சில மணித்தியாலங்களில் செய்யலாம் என்று 1998இல் எழுதினார்கள். கூகுள் நிறுவனம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

அதே காலத்தில் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் கிளைன்பேர்க் என்பவரும் இதே கேள்விக்கு விடை தேடினார். எனக்கு அவருடைய விளக்கம்தான் கூடப் பிடிக்கும். தெரிந்தவர் வேறு, தெரிந்தவரைத் தெரிந்தவர் வேறு என்று அவர் பிரித்தார். முன்பு சங்கக்கடை மனேஜருக்கு வைத்தியம் தெரியாது, சட்டமும் தெரியாது. ஆனால் எதற்கு எவரிடம் போகவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நல்ல ஆட்களைக் காட்டுபவர் நல்ல வழிகாட்டி. நல்ல வழிகாட்டிகள் பலர் காட்டும் ஆள்தான் அந்த விடயத்தில் நல்ல ஆள். இந்த இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அவர் காட்டிய ஓர் உதாரணம்: ஹாவார்ட் என்ற பல்கலைக்கழகப் பெயர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் இருந்தது, ஆனால் அந்தச் சொல்லை அதிகமுறை எழுதியிருந்தது அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளம் அல்ல. தன்னைப் பற்றித் தானே கூடப் பேசுபவரைப் பார்க்காமல், மற்றவர்கள் யாரைக் காட்டுகிறார்கள் என்று பார்த்தால்தான் அந்தத் தளம் அகப்படும்.

கெட்டித்தனமான வழிதான். ஆனால் இயந்திரம் எண்ணுவது கைகாட்டல்களை மட்டுமே, உண்மையை அல்ல. 2003இல் அமெரிக்காவில் பலர் கூடி, 'படுதோல்வி' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களில் இணைப்புப் போட்டு, எல்லோரும் அப்போதைய ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷின் உத்தியோகபூர்வ வாழ்க்கைக் குறிப்பைக் காட்டினார்கள். அந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு அவருடைய பக்கமே முதலாவதாக வந்தது. அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை! 2007இல்தான் கூகுள் கணக்கை மாற்றி அதை நிறுத்தியது. அது பகிடி. பகிடி அல்லாததும் நடந்தது. ஜே.சி. பெனி என்ற பெரிய கடை, உடுப்பு முதல் படுக்கை விரிப்பு வரை பல தேடல்களில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தது. சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களில் காசு கொடுத்து இணைப்புப் போடப்பட்டிருந்ததே காரணம் என்று 2011இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று கடை சொன்னது. கூகுள் அதைக் கீழே தள்ளிவிட்டது.

இன்று இணைப்பைத் தவிர வேறு பலவற்றையும் பார்க்கிறார்கள். இணைப்புக்கு முன்பிருந்த கனம் இல்லை என்று நிறுவனத்தாரே சொல்லியிருக்கிறார்கள். கணக்கு முழுவதையும் அவர்கள் வெளியே விடுவதில்லை. ஆனால் முடிவுகளின் தரத்தைப் பார்த்துச் சொல்லும் பணியாளர்களுக்கான கையேட்டை 2015இல் முழுமையாக வெளியிட்டார்கள். அதில் உடல்நலம், பணம், சட்டம் போன்றவற்றுக்கு 'உங்கள் பணம் அல்லது உங்கள் உயிர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வழிப்பறிக்காரன் கேட்கும் கேள்வியை யாரோ குறும்பாகத் தலைப்பாக்கியிருக்க வேண்டும். இவ்விடயங்களில் எழுதியவர் யார், அவருக்கு அதில் தகுதி உண்டா என்பதைக் கூடுதல் கண்டிப்போடு பார்க்கவேண்டும் என்கிறது கையேடு. 2022 டிசம்பரில் நேரடி அனுபவத்தையும் சேர்த்தார்கள்.

இவ்வளவையும் நான் எழுதுவது ஒரு சகோதரிக்காக. கணவனை 2009இல் இழந்தவர், மூன்று பிள்ளைகள். எமது நிலையத்துக் கணனி வகுப்புக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். ஒருநாள் ஒரு கொப்பியோடு வந்தார். 'விதவை உதவித்தொகை' என்று மகள் தேடி, வந்த பக்கத்தை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாள். ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, வட்டாட்சியர் அலுவலகம் என்று அழகான எழுத்தில் வரிசையாக இருந்தது.

"ஆதார் எண்டால் என்ன அக்கா? அது எங்கை எடுக்கிறது?"

"இது எங்கட நாட்டுக்கு உரியது இல்லை, தங்கச்சி."

"போனிலை முதலாவதா வந்தது. அப்ப சரியாத்தானே இருக்கும்?"

அந்தப் பக்கத்தில் பிழை எதுவும் இல்லை. மதுரையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அது சரியான தகவல். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி 7 கோடிக்கு மேற்பட்ட மக்கள். எமது நாட்டில் 2012 கணக்கெடுப்பின்படி தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்தால் சுமார் 50 இலட்சம் பேர். தமிழில் எழுதுபவர்களும் தேடுபவர்களும் இணைப்புப் போடுபவர்களும் அங்கேதான் அதிகம். அவர்களுடைய கைகள் காட்டும் இடம் அவர்களுடைய அலுவலகம். தேடுபொறி நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதையும் பார்த்துத்தான் வரிசைப்படுத்துகிறது. ஆனால் எமது பிரதேசத்து விடயத்தைத் தமிழில் யாரும் எழுதி வைக்கவில்லை என்றால் எதைக் கொண்டுவந்து காட்டும்?

கைகாட்டுபவர்கள் குறைவாக இருக்கும் இடத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பத்தாயிரம் பேர் காட்டும் இடத்தைப் போலியாக முந்துவது கஷ்டம். நாலு பேர் மட்டும் காட்டும் இடத்தை ஐந்து போலி இணைப்போடு முந்திவிடலாம். ஆங்கிலத்தில் ஒரு நோயைத் தேடினால் பெரிய வைத்தியசாலைகளும் பல்கலைக்கழகங்களும் போட்டியில் நிற்கும். அதையே தமிழில் தேடும்போது யார் நிற்கிறார்கள் என்று பார்த்து வாசியுங்கள். வைத்தியர் பெயரில்லாத, எண்ணெய் விற்கும் பக்கம் ஒன்று மேலே நின்றால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

அந்தத் தங்கச்சிக்கு முதலில் சொல்லைத்தான் மாற்றிக் கொடுத்தேன். உதவித்தொகை என்று தேடாமல், 'பொதுசன உதவிப்பணம் பிரதேச செயலகம் இலங்கை' என்று தேடச் சொன்னேன். எமது சொற்களே எமக்கு முகவரி. பட்டா என்று தேடினால் தமிழ்நாட்டுக்குப் போகும், காணி உறுதி என்று தேடினால் எமது பக்கம் திரும்பும். மருத்துவமனைக்குப் பதில் வைத்தியசாலை என்று போட்டுப் பாருங்கள். எமது நாட்டில் விதவைகள் ஓய்வூதியம் என்று தேடினால் பெரும்பாலும் அரச உத்தியோகத்தராக இருந்தவருடைய மனைவிக்கு உரியதே வரும். அது வேறு, பொதுசன உதவிப்பணம் வேறு. 2023இல் தொடங்கிய அஸ்வெசும இன்னும் வேறு, அது நலன்புரி நன்மைகள் சபையின் கீழ் வருகிறது.

அடுத்தது, தளத்தின் முகவரியின் கடைசியைப் பாருங்கள். ஜீ.ஓ.வி. புள்ளி எல்.கே. என்று முடிந்தால் அது இலங்கை அரச நிறுவனத்தின் தளம். எத்தனையாவதாக வந்தாலும் அதைத் திறந்து பாருங்கள். எழுதியவர் பெயரும் திகதியும் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2014இல் எழுதிய படிவ விபரம் இன்றைக்கு உதவாது. வெளிநாட்டு வேலை என்றால் முதலாவதாக வந்த முகவரின் தொலைபேசி இலக்கத்தை அழுத்த முன்னர், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தளத்தில் உரிமம் பெற்ற முகவர் நிலையங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பணியகத்தை 1989 என்ற இலக்கத்திலும் கேட்கலாம்.

இப்போது பட்டியலுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு தானே எழுதிய பதில் ஒன்றும் வருகிறது. 2024 மே மாதத்தில் அமெரிக்காவில் கூகுள் இதைத் தொடங்கியபோது, பீட்சாவில் சீஸ் வழுக்காமலிருக்கப் பசை சேர்க்கலாம் என்று பதில் சொன்னது. யாரோ பல ஆண்டுகளுக்கு முன் பகிடியாக எழுதியதை எடுத்துச் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலின் பக்கத்தில் எங்கிருந்து எடுத்தது என்ற இணைப்பு இருக்கும். அதைத் தொட்டு, யாருடைய தளம் என்று பார்க்காமல் கொப்பியில் எழுத வேண்டாம்.

அந்தத் தங்கச்சி கொப்பியின் அடுத்த பக்கத்தில் மூன்று விடயங்களை எழுதிக்கொண்டு போனார்: கிராம அலுவலரிடம் வதிவிட உறுதிப்படுத்தல் பற்றிக் கேட்பது, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்திப்பது, போக முன்னர் 1919க்கு எடுப்பது. இது அரச தகவல் நிலையத்தின் இலக்கம், தமிழிலும் பேசலாம். எடுக்கும்போது எந்தத் திணைக்களம், என்னென்ன பத்திரம், எந்தக் கிழமையில் ஆட்களைச் சந்திக்கிறார்கள் என்று மூன்றையும் கேளுங்கள். பதில் சொன்னவரின் பெயரையும் திகதியையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.