சிவப்பு வண்டி... சின்ன டார்ச் லைட்!

சனிக்கிழமை ராத்திரி. ஹாஸ்டல் மொட்டை மாடி. செல்போன்ல ஒரு போட்டோ வந்து விழுது. சிவப்புக் கலர், இத்தாலிக்காரன் செதுக்கின உடம்பு, கேஏ 51 நம்பர் பிளேட். கீழே ரெண்டு வரி: 'சிங்கிள் ஓனர். 9,000 கி.மீ.தான் ஓடியிருக்கு. ஃபாரின் போறேன், அர்ஜென்ட் சேல்.'

அவ்வளவுதான், தூக்கம் போச்சு! ஓசூர்ல இருந்து பெங்களூரு 40 கி.மீ. சொச்சம். ஜூஜூவாடி தாண்டினா அத்திப்பள்ளி, அப்புறம் எலெக்ட்ரானிக் சிட்டி. ஞாயித்துக்கிழமை காலையில பஸ் ஏறினா மத்தியானம் வண்டியோட திரும்பிடலாம்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிடும்.

கொஞ்சம் பிரேக் பிடிங்க பாஸ். ஒரு கதை சொல்றேன்.

சூளகிரி பக்கத்து ஃப்ரெண்ட் ஒருத்தன் இப்படித்தான் கிளம்பிப் போனான். மெக்கானிக்கல் மூணாவது வருஷம். பல்சரைக் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுற ஆளு. அப்பா சிப்காட்ல ஷிஃப்ட் வேலை. அக்கா கல்யாணத்துக்குன்னு போட்டிருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தார். 'வேலைக்குப் போனதும் மொத ஆறு மாச சம்பளம் உங்களுக்குத்தான்ப்பா'ன்னு வாக்கு. வண்டி வந்துச்சு. காலேஜ் வாசல்ல கூட்டமான கூட்டம். மூணாவது வாரம், கிருஷ்ணகிரி போற வழியில என்ஜின் 'டக்'னு நின்னுச்சு. அன்னிக்கு வண்டி குட்டி யானையில படுத்துக்கிட்டுதான் வீட்டுக்கு வந்துச்சு.

காரணம், ஒரு ரப்பர் பெல்ட். 9,000 கி.மீ.ங்கிறது பொய் இல்லை. ஆனா அந்த பெல்ட்டுக்கு வயசு ஏழு! எஸ்டிமேட்டைப் பார்த்த அப்பா ஒரு வார்த்தை பேசலையாம். 'திட்டியிருந்தாக்கூட பரவாயில்லைடா'ன்னு சொல்லும்போது அவன் குரல் உடைஞ்சிடுச்சு.

அதனால இந்த வாரம் ஒரே ஒரு விஷயம்தான். பழைய இத்தாலிய வண்டிக்கு ரெண்டு விலை உண்டு. ஒண்ணு வாங்குற விலை. அதை விக்கிறவர் சொல்லுவார். இன்னொண்ணு வெச்சிருக்கிற விலை. அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும்.

இத்தாலின்னா எந்த இத்தாலி?

டுகாட்டி, போலோன்யா நகரத்துக்காரங்க. 1926-ல ரேடியோ பாகங்கள் செய்ய ஆரம்பிச்ச கம்பெனி. ஏப்ரிலியா, நோவாலே ஊர்க்காரங்க. 2004-ல பியாஜியோ வாங்கிடுச்சு. பெனெல்லி பேர்தான் இத்தாலி, 2005-ல இருந்து சீனாவோட சியான்ஜியாங் கையில. நம்ம நாட்டுல அதை விக்கிற கம்பெனியே 2018-ல மாறிடுச்சு. டேங்க்ல ஒட்டியிருக்கிற பேரு முக்கியமில்லை ஃப்ரெண்ட்ஸ். 'இந்த மாடலுக்கு இன்னிக்கு ஸ்பேர்ஸ் தர்றது யாரு? சர்வீஸ் சென்டர் எந்த ஊர்ல?' இதுதான் மொதக் கேள்வி. வண்டியைப் பார்க்கப் போறதுக்கு முந்தியே சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு பெல்ட், கிளட்ச் பிளேட், பிரேக் பேடு, செயின் செட் விலையைக் கேட்டு நோட்ல எழுதிக்கோங்க.

இன்னொரு கணக்கும் இருக்கு. ஏப்ரிலியா ஆர்எஸ் 457 நம்ம மகாராஷ்டிரா பாராமதியில செய்யற வண்டி. 2023 டிசம்பர்ல வந்தப்போ எக்ஸ்-ஷோரூம் விலை 4.10 லட்சம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவிகிதம். புதுசு எட்டலைன்னு எல்லோர் பார்வையும் பழசு பக்கம் திரும்பும்போது விக்கிறவர் குரலும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். புது ஆர்எஸ் 457-க்கு இன்னிக்கு ஆன்-ரோடு எவ்வளவுன்னு தெரிஞ்சுக்காம எந்தப் பழைய வண்டிக்கும் பேரம் பேசாதீங்க.

மொதல்ல பேப்பர்... அப்புறம்தான் பெட்ரோல்!

வண்டியைப் பார்த்துட்டா காதல் வந்துடும். அதனால பார்க்குறதுக்கு முன்னாடியே ஆர்.சி. போட்டோவை அனுப்பச் சொல்லுங்க. எம்பரிவாஹன் ஆப்ல நம்பரைப் போட்டா ஆர்.சி. உயிரோட இருக்கா, இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும்னு தெரிஞ்சிடும். ஃபைனான்ஸ் இருந்தா பேங்க்ல இருந்து 'கடன் முடிஞ்சது' லெட்டரும், ஃபாரம் 35-ம் வேணும். 'கடைசி ரெண்டு டியூவை நீங்க கட்டிடுங்க ப்ரதர்'னு ஆரம்பிச்சா, நீங்க அங்கேயே முடிச்சிடுங்க!

அடுத்து சேஸிஸ் நம்பர். ஹேண்டில் கழுத்துகிட்ட ஃப்ரேம்ல அடிச்சிருக்கும். ஆர்.சி.யில இருக்கறதோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. அந்த 17 எழுத்துக்குள்ள வண்டியோட ஜாதகமே இருக்கு. 'இசட்'ல ஆரம்பிச்சா இத்தாலியில பொறந்தது. 'எம்ஏ'ல இருந்து 'எம்இ' வரைக்கும் இந்தியா. 'எம்எல்'ல இருந்து 'எம்ஆர்' வரைக்கும் தாய்லாந்து. தாய்லாந்தில் பொறந்த டுகாட்டி போலி இல்லை, அங்கே கம்பெனிக்கே ஃபேக்டரி இருக்கு. ஆனா 'இத்தாலியில இருந்து நேரா இறக்கினது'ன்னு சொல்லி அதுக்கு ஒரு விலை போட்டா, நம்பர் பொய் சொல்லாதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. தனியா இறக்குமதி பண்ண வண்டின்னா கஸ்டம்ஸ் பேப்பர் இல்லாம தொடவே தொடாதீங்க.

தொட்டுப் பாருங்க... சூடா, ஜில்லா?

'நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க'ன்னு முன்னாடியே சொல்லிடுங்க. போனதும் என்ஜின் மேல கை வெச்சுப் பாருங்க. சூடா இருந்தா, ஸ்டார்ட்டிங் பிரச்னையை மறைக்கிறதுக்காக ஓட்டி வெச்சிருக்கலாம். ஒரு டீ குடிச்சுட்டு வந்து, ஆறினப்புறம் பாருங்க.

இப்போ பாக்கெட்ல இருந்து டார்ச்சை எடுங்க. செல்போன் வெளிச்சம் ஃபேரிங் இடுக்குக்குள்ள போகாது.

* ஹேண்டில் முனை, லீவர் முனை, ஃபுட்ரெஸ்ட் முனை... மூணுலயும் ஒரே பக்கம் தேய்மானம் இருந்தா வண்டி அந்தப் பக்கமா விழுந்திருக்கு. நின்ன இடத்துல சாஞ்சதா, ஓடும்போது விழுந்ததான்னு என்ஜின் கவர்ல இருக்கிற கீறல் நீளம் சொல்லிடும்.

* ஹேண்டிலை முழுசாத் திருப்பினா அதுக்கு மேல போகாம தடுக்கற ஒரு முட்டு ஃப்ரேம்ல இருக்கும். அது நசுங்கியிருந்தா முன்பக்கம் பலமா மோதின வண்டி. எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம்.

* ஃபோர்க் ராடு மேல விரலை வெச்சு ஓட்டுங்க. எண்ணெய் ஒட்டினா சீல் போயிருக்கு.

* டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும். 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. பட்டன் தேயாம இருந்தாலும் பழைய டயர் பழசுதான். ரப்பர் இறுகிப் போனா மழையில பிடிக்காது.

* சாவி போட்டதும் மீட்டர்ல வார்னிங் லைட் எல்லாம் எரியணும். என்ஜின் லைட் ஸ்டார்ட் ஆனதும் அணையணும். அணையலைன்னா பிரச்னை. எரியவே இல்லைன்னா பெரிய பிரச்னை, யாரோ அதை மறைச்சிருக்காங்க!

* சாவி ரெண்டும் இருக்கா? சில மாடலுக்கு கோட் கார்டும் உண்டு. சைலென்சர் மாத்தியிருந்தா ஒரிஜினலைக் கேட்டு வாங்குங்க. இல்லைன்னா மிச்சக் கதையை டிராஃபிக் போலீஸ்கிட்ட பேச வேண்டியிருக்கும்.

ரப்பருக்கும் வயசாகும்!

இப்போ நம்ம ஃப்ரெண்டோட வில்லன். என்ஜினுக்குள்ள கேம் ஷாஃப்ட்டைச் சுத்துறதுக்கு நம்ம ஊர் பைக்குகள்ல செயின் இருக்கும். பல டுகாட்டி என்ஜின்கள்ல ரப்பர் பெல்ட். மான்ஸ்டர் 795, 796, 797 எல்லாமே பெல்ட் கோஷ்டிதான். பானிகாலே 899, 959-ல செயின். பெல்ட் அறுந்தா என்ன ஆகும்? வால்வு திறந்தபடியே நிக்கும், பிஸ்டன் மேல வந்து இடிக்கும், வால்வு வளைஞ்சிடும். பத்து வினாடி வேலை, பல மாச சம்பளம்.

பெல்ட்டை மாத்தறதுக்கு மேனுவல்ல ரெண்டு கணக்கு போட்டிருப்பாங்க. ஒண்ணு கி.மீ., இன்னொண்ணு வருஷம். எது முந்தி வருதோ அதுதான் கெடு. அதனாலதான் 'கம்மியா ஓடின வண்டி'ங்கிற வார்த்தைக்கு மயங்காதீங்கன்னு சொல்றேன். வருஷக்கணக்கா மூடி நிறுத்தின வண்டியில பெல்ட், டயர், பிரேக் ஆயில், பேட்டரி எல்லாம் ஓடாமலே கிழவனாகியிருக்கும். ஒழுங்கா சர்வீஸ் பண்ணி 25,000 கி.மீ. ஓட்டின வண்டி பல சமயம் அதைவிட நல்ல வண்டி.

அப்புறம் 'டெஸ்மோ'. சாதாரண என்ஜின்ல வால்வைத் திறக்கறது கேம், மூடறது ஸ்பிரிங். டுகாட்டியோட டெஸ்மோ என்ஜின்ல திறக்கவும் கேம், மூடவும் கேம். 1956-ல ஃபாபியோ தாலியோனிங்கிற என்ஜினீயர் ரேஸ் வண்டியில கொண்டு வந்த ஏற்பாடு. பிரமாதமான மூளை. ஆனா ஒவ்வொரு வால்வுக்கும் ரெண்டு இடைவெளி அளக்கணும், அதனால சர்வீஸ் பில்லும் பிரமாதமா இருக்கும். 'எல்லாம் பக்காவா பண்ணிட்டேன் ப்ரதர்'னு வாயால சொன்னா போதாது. தேதி, கி.மீ. போட்ட பில் வேணும். பில் இல்லைன்னா அந்த சர்வீஸ் நடக்கலைன்னே வெச்சுக்கிட்டு, அந்தத் தொகையை விலையில இருந்து கழிச்சுக் கேளுங்க.

பார்டர் தாண்டினா பஞ்சாயத்து!

நம்ம ஏரியா பசங்க சறுக்கற இடம் இதுதான். 'தினமும் பெங்களூரு போறவன்தானே, கேஏ நம்பரே இருக்கட்டுமே'ன்னு விட்டுடறோம். வண்டி ராத்திரி எந்த ஊர்ல தூங்குதுங்கறதுதான் கணக்கு. மோட்டார் வாகனச் சட்டப்படி வேற மாநில வண்டியை 12 மாசத்துக்கு மேல இங்கே வெச்சிருந்தா இங்கத்த நம்பருக்கு மாத்தணும். அதுக்கு கர்நாடகா ஆர்.டி.ஓ.கிட்ட ஃபாரம் 28 கொடுத்து என்.ஓ.சி. வாங்கணும். உங்க பேருக்கு மாத்த ஃபாரம் 29, 30. இங்கே வந்து ஓசூர்னா டிஎன் 70, கிருஷ்ணகிரின்னா டிஎன் 24. தமிழ்நாட்டு வரியையும் புதுசா கட்டணும். அது எவ்வளவுன்னு அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுடுங்க. பெரிய வண்டிக்கு அந்தத் தொகையும் பெருசுதான்.

'கையெழுத்துப் போட்ட ஃபாரம் தர்றேன், எப்போ வேணும்னாலும் மாத்திக்கோங்க'ன்னு சொன்னா சரின்னு தலையாட்டாதீங்க. பேர் மாத்தாத வண்டி விபத்துல சிக்கினா, ஆர்.சி.யில பேர் இருக்கறவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்புன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. இதை விக்கிறவர்கிட்ட சொல்லுங்க, அவரே உங்களை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு இழுத்துட்டுப் போவார்! உங்களுக்கும் இதுல பங்கு இருக்கு. 14 நாளைக்குள்ள இன்ஷூரன்ஸை உங்க பேருக்கு மாத்தக் கேட்கணும். மாத்தாம விட்டு வண்டி அடிபட்டா, ரிப்பேர் கிளெய்ம் நிக்காது.

கடைசியா ஒரு கூட்டல்

கேட்கற விலை, ரெண்டு டயர், பெல்ட் சர்வீஸ், வரி, இன்ஷூரன்ஸ்... அஞ்சையும் ஒரே பேப்பர்ல எழுதிக் கூட்டுங்க. அதுதான் உண்மையான விலை. அந்தப் பேப்பரை அப்பாகிட்ட காட்டிட்டு அப்புறம் பணம் கேளுங்க. காட்டத் தயக்கமா இருந்தா, பதில் உங்களுக்கே தெரியும்.

கணக்கு ஒத்து வரலையா? வெறுங்கையோட பஸ்ல திரும்பறது தோல்வி இல்லை பாஸ். நம்ம ஊர்லயே டி.வி.எஸ். ஆளுங்க 2017-ல இருந்து அப்பாச்சி ஆர்ஆர் 310 செஞ்சுட்டிருக்காங்க. ஸ்பேர்ஸ், சர்வீஸ் எல்லாம் கூப்பிடுற தூரத்துல. அதுல ரெண்டு வருஷம் ஒழுங்கா வளைவு எடுக்கக் கத்துக்கிட்டா, சிவப்பு வண்டி எங்கேயும் ஓடிடாது.

கணக்கு ஒத்து வந்தா தாராளமா போங்க. தனியா மட்டும் போகாதீங்க. பைக் ஃபேக்டரியில லைன்ல நிக்கிற அண்ணன் ஒருத்தர் ஓசூர்ல எந்தத் தெருவுலயும் கிடைப்பார். ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டிட்டுப் போங்க. உங்க கண்ணு டேங்க்ல இருக்கும்போது அவர் கண்ணு ஃபோர்க் சீல்ல இருக்கும்.

அந்த சூளகிரி ஃப்ரெண்ட்? வண்டியை ரிப்பேர் பண்ணி வித்துட்டான். வேலையிலயும் சேர்ந்துட்டான். சீட்டுப் பணத்தை மாசாமாசம் அப்பா கையில கொடுத்துட்டிருக்கான். இப்போ ஜூனியர் பசங்க யார் செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கக் கிளம்பினாலும் கூடவே போறான், பாக்கெட்ல ஒரு சின்ன டார்ச்சோட.