நீரிலே நிமிர்வோம்!

நீச்சல் என்றதும் நம் நினைவுக்கு வருவன யாவை? பந்தயம், பதக்கம், கைதட்டல்! அது முதுகுக்கு மருந்தாகவும் உயிருக்குக் காப்பாகவும் ஆகலாம் என்று எண்ணிப் பார்த்தோமா?

நான் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயத்திலே பிறந்தவன். என் அன்னை இருபத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். சரிவிலே நின்று, குனிந்து, மூட்டை சுமந்து, இன்று கழுத்தைத் திருப்ப முடியாமல் தவிக்கிறார். தைலம் தேய்த்து உழிச்சல் செய்தால் இரண்டு நாள் இதம். மூன்றாம் நாள் மீண்டும் வலி. ஏன்? தசை தளர்ந்தது, பழக்கம் மாறவில்லை!

இந்தப் பழக்கத்தைத்தான் ஆராய்ந்தார் டாஸ்மேனியாவில் 1869-ல் பிறந்த எப். எம். அலெக்சாண்டர். மேடையிலே செய்யுள் சொல்லும் கலைஞர் அவர். குரல் கெட்டது. கண்ணாடிமுன் நின்று தம்மையே நோக்கினார். வாய் திறக்கும்போதெல்லாம் தலையைப் பின்னுக்கு இழுப்பதைக் கண்டார், அதனை நிறுத்தக் கற்றார், பிறருக்கும் கற்பித்தார். 1973-ல் நோபல் பரிசு பெற்ற டின்பெர்கன், தம் பரிசுரையிலேயே இம்முறையைப் போற்றினார்.

இதனை நீருக்குள் கொண்டு சென்றவர், பந்தய நீச்சலை விட்டு அலெக்சாண்டர் முறை ஆசிரியரான ஸ்டீவன் ஷா. ஆசிரியரின் கை மாணவனின் தலையையும் முதுகையும் தாங்கும். விரைவு முக்கியமன்று, மூச்சும் கழுத்தின் தளர்வுமே முக்கியம். தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும், முதுகு வளையும். இடுப்பளவு நீரில் உடலின் பாரம் ஏறத்தாழப் பாதி. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கே. வலித்த முதுகு அச்சமின்றி அசைய இதைவிடச் சிறந்த பள்ளி ஏது?

சான்று உண்டா என்பீர். 2008-ல் பிரிட்டனில் நாட்பட்ட முதுகுவலியர் 579 பேரை ஆராய்ந்தனர். ஓராண்டு கழித்து, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோர் நான்கு வாரத்தில் 21 நாள் வலியுற்றனர். அலெக்சாண்டர் பாடம் 24 கற்றோர் 3 நாள். அந்த ஆய்வு தரையிலே நடந்தது, நீரிலே அன்று. இதை மறைப்பது அறிவியல் மாணவனுக்கு அழகன்று. மருத்துவரைக் கேளாமல் முதுகை நீரிடம் ஒப்படைக்கவும் கூடாது.

மற்றொன்று உயிர்க்காப்பு. மலம்புழா, மாட்டுப்பட்டி, தேக்கடி என நம் மக்கள் நீரருகே வாழ்கின்றனர். ஆயினும் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். நீச்சல் ஒன்றே அவர்களைக் காத்திருக்கும் என்று சொல்லேன். உயிர்காப்பு அங்கியும் ஒழுங்கான படகும் முதலில் வேண்டும். ஆனால் நீரைக் கண்டு நடுங்காத உடல் வேண்டாமா?

“தோட்டத்தில் குளம் எங்கே?” என்று கேட்பீர். நேர்மையான கேள்வி. குளம் இங்கே, நம் பல்கலைக்கழகத்திலே இருக்கிறது! வாரம் ஒரு மணி நேரம், பெண்களுக்குத் தனி வேளை, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர்: இவற்றை நம் மன்றம் கேட்டுப் பெறட்டும். இங்கே கற்பவர் விடுமுறையிலே ஊருக்குக் கொண்டு செல்லட்டும்.

சுமந்து சுமந்து வளைந்த முதுகுகளின் பிள்ளைகள் நாம். நாமேனும் நிமிரக் கற்போம்; பிறகு, அவர்களையும் நிமிர்த்துவோம்!