ஆல்ப்ஸ் மலையில் நடக்க டிக்கெட் இல்லை... ஆனா பாதைக்கான பில் யாருக்குப் போகுது?

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில், ஓட்ஸ்டால் பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் ஃபென்ட் என்று ஒரு குட்டி ஊர். உயரம் 1,895 மீட்டர். பேருந்து அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் நடைதான். இரண்டரை மணி நேரம் ஏறினால் 2,501 மீட்டரில் மார்ட்டின் புஷ் குடில். இன்னும் இரண்டு மணி நேரம் போனால், 3,019 மீட்டரில் இத்தாலி எல்லையை ஒட்டி சிமிலாவுன் குடில். 1991 செப்டம்பரில் பனிக்குள்ளிருந்து கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான 'ஓட்ஸி' மனித உடல் நினைவிருக்கிறதா? அது கிடைத்த இடம் இந்தக் குடிலுக்குப் பக்கத்தில்தான்.

இன்ஸ்டாவில் ஆல்ப்ஸ் ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். மர மேசை, சூடான சூப், பின்னால் வெள்ளை மலை. பாதையில் மஞ்சள் வழிகாட்டிப் பலகை, பாறைகளில் சிவப்பு-வெள்ளை-சிவப்பு பெயின்ட். நுழைவுச் சீட்டு கிடையாது, கேட் கிடையாது, யாரும் கைநீட்டிப் பணம் கேட்பதும் கிடையாது.

இந்த 'இலவசம்' எப்படி ஓடுகிறது என்பதுதான் இப்போது ஆஸ்திரியாவில் பெரிய கேள்வி. அந்நாட்டின் மலையேற்றச் சங்கங்கள் சேர்ந்து 2024இல், 'ஆல்ப்ஸிலிருந்து ஓர் அவசர அழைப்பு' என்ற பெயரில் அரசுக்கு மனு இயக்கம் தொடங்கின. 272 குடில்களும் 50,000 கிலோமீட்டர் பாதைகளும் ஆபத்தில் இருக்கின்றன, உடனடியாக 9.5 கோடி யூரோ வேண்டும் என்பது கோரிக்கை. நம் கணக்கில் ஏறக்குறைய 900 கோடி ரூபாய். சங்கங்களிடம் இருக்கும் குடில்களே மொத்தம் நானூற்றுச் சொச்சம்தான். அதில் 272 என்றால் பாதிக்கும் மேல்.

பணக்கார நாடு, சுற்றுலாவில் கொழிக்கும் மாநிலம். டிரோலில் மட்டும் ஆண்டுக்கு 4.5 கோடிக்கும் மேற்பட்ட இரவுத் தங்கல்கள் பதிவாகின்றன. அப்புறம் ஏன் இந்தக் கையேந்தல்?

பாதிரியார் வாங்கிய கடன்

பதில் இதே ஃபென்ட் ஊரில்தான் தொடங்குகிறது. 1860இல் ஃபிரான்ஸ் சென் என்ற இளம் பாதிரியார் இங்கே பணிக்கு வந்தார். கடும் வறுமை. ஆடு மேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லாத ஊர். நகரத்துக்காரர்கள் மலை ஏற வருகிறார்கள், அவர்களுக்குப் பாதையும் படுக்கையும் வழிகாட்டியும் இருந்தால் ஊருக்குக் காசு வரும் என்று கணக்குப் போட்டார். தன் வீட்டையே விருந்தினர் இல்லமாக்கினார். பாதை வெட்டினார், கடனும் வாங்கினார். நிறையவே வாங்கினார்.

தனியாளாக முடியாது என்று தெரிந்ததும், 1869இல் மியூனிக் நகரில் ஜெர்மன் ஆல்பைன் சங்கம் தொடங்கியபோது அதன் நிறுவனர்களில் ஒருவரானார். அந்தச் சங்கத்தின் அமைப்புதான் இன்றுவரை எல்லாவற்றுக்கும் அச்சாணி. ஒவ்வொரு நகரத்திலும் ஒரு கிளை. ஒவ்வொரு கிளையும் மலையில் ஒரு பகுதியைத் தத்தெடுத்து, அங்கே குடில் கட்டி, பாதையையும் பார்த்துக்கொள்ளும்.

அதனால்தான் டிரோல் மலைகளில் ஜெர்மன் நகரங்களின் பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. பிரவுன்ஷ்வைக் குடில், பிராண்டன்பர்க் இல்லம், பிரெஸ்லாவ் குடில். கடைசியாகச் சொன்னதில் ஒரு வரலாற்று வேடிக்கை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரெஸ்லாவ் நகரம் போலந்துக்குப் போய் வ்ரோட்ஸ்வாஃப் ஆகிவிட்டது. ஆனால் 'பிரெஸ்லாவ் கிளை' ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இன்னும் இயங்குகிறது. 2,844 மீட்டரில் இருக்கும் குடிலையும் விடாமல் நடத்துகிறது. ஊர் கைவிட்டுப் போனாலும் குடில் போகவில்லை.

ஆக, நாம் 'ஆஸ்திரியாவின் சுற்றுலா வசதி' என்று நினைப்பது அரசு கட்டியதே இல்லை. 150 ஆண்டுகளாக நகரத்துச் சங்க உறுப்பினர்கள் சந்தா கட்டி, விடுமுறையில் வந்து கடப்பாறை பிடித்து உருவாக்கியது. பாதைப் பொறுப்பாளர் என்று ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் சம்பளமில்லா வேலை. குளிர்காலப் பனிச்சரிவு அடித்துக்கொண்டு போன மரப்பாலத்தை ஜூன் மாதத்துக்குள் திரும்பப் போடுவது, அறுந்த இரும்புக் கயிற்றை மாற்றுவது, அழிந்த பெயின்ட்டைப் பூசுவது எல்லாம் அந்த ஆளும் அவர் திரட்டும் நண்பர்களும்தான்.

மலையைப் பிடித்து வைத்திருந்த பசை

இப்போது மாறியது என்ன? முதலில் பனி.

ஆஸ்திரிய ஆல்பைன் சங்கத்தின் தன்னார்வலர்கள் 1891 முதல் பனியாறுகளை அளந்துவருகிறார்கள். 2021-22 அளவீட்டு ஆண்டில் சராசரியாக 28.7 மீட்டர் பின்வாங்கியதாகக் கணக்கு. அதுவரை இல்லாத அளவு அது. "பனி உருகினால் நடப்பது சுலபம்தானே" என்று தோன்றலாம். உண்மை தலைகீழ். பழைய பாதைகள் பல, பனியாற்றின் மேலேயே கடந்து போனவை. பனி இறங்கிய பிறகு அங்கே மிஞ்சுவது செங்குத்தான, கால் வைத்தால் சரியும் கற்குவியல். அல்லது பெரும் பள்ளம்.

இதே ஓட்ஸ்டாலில், ஓபர்குர்கல் ஊருக்கு மேலே நடந்தது இதுதான். 1931 மே மாதம், விஞ்ஞானி அகுஸ்ட் பிக்கார் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கிலிருந்து பலூனில் 15 கிலோமீட்டருக்கு மேல் வானில் போய், கடைசியில் வந்து விழுந்த இடம் குர்கல் பனியாறு. அன்று அது அகன்ற வெள்ளைச் சமவெளி. அதன் ஒரு கரையில் ராமோல் இல்லம், மறுகரையில் லாங்டாலர்எக் குடில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பனி மேல் நடந்தே போவார்கள். இன்று பனி மேலே ஏறிப் பின்வாங்கிவிட்டது, நடுவில் ஆழமான பள்ளம். வழியை மீட்க சுமார் 140 மீட்டர் நீளத் தொங்குபாலம் கட்ட வேண்டியதாயிற்று. பெயர் பிக்கார் பாலம். சுற்றுலாப் பயணிகளுக்கு அது செல்ஃபி ஸ்பாட். பாதையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு, முன்பு இல்லாத ஒரு புதுச் செலவு.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. உயரமான மலைகளில் பாறை இடுக்குகளுக்குள் ஆண்டு முழுக்க உறைந்தே இருக்கும் பனி, கற்களை ஒட்டிவைக்கும் பசை மாதிரி. பெர்மாஃப்ராஸ்ட் என்று விஞ்ஞானிகள் சொல்வது இதைத்தான். கோடை வெப்பம் ஆழமாக இறங்க இறங்க அந்தப் பசை இளகுகிறது. 2023 ஜூன் 11 அன்று, டிரோலின் இன்னொரு மூலையில் கால்ட்யூர் ஊருக்கு மேலே ஃப்ளுக்ட்ஹார்ன் மலையின் உச்சி ஒன்று இடிந்து விழுந்தது. ஏறக்குறைய 10 லட்சம் கனமீட்டர் பாறை, உச்சியில் நட்டிருந்த சிலுவையோடு சேர்த்து. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

மலையே இடியும்போது, மேலே இருக்கும் கட்டிடம்? குர்கல் பனியாற்றை ஒட்டி 2,883 மீட்டரில் நிற்கும் ஹோஹ்வில்டே இல்லத்துக்கு அதுதான் நேர்ந்தது. அடித்தளம் நகர்ந்து சுவர்களில் விரிசல் விட்டதால் பல ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கிறது.

தண்ணீர்ப் பிரச்சினை இன்னும் வினோதம். சுற்றிலும் பனி இருக்கும் ஊரில் தண்ணிக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். குடில்கள் குடிக்கவும் சமைக்கவும் நம்பியிருப்பது பனித்திட்டுகளின் உருகுநீரையும் சிறு ஊற்றுகளையும். திட்டு சீக்கிரமே தீர்ந்துவிட்டால் ஆகஸ்டில் குழாய் வறண்டுவிடும். 2022 கோடையில் ஆல்ப்ஸின் பல பகுதிகளில் சில குடில்கள் சீசன் முடியும் முன்பே கதவைச் சாத்தின. அதிலிருந்து தொட்டி, புது குழாய், வடிகட்டி, நீரில்லாக் கழிப்பறை என்று ஒவ்வொரு கிளையும் செலவுப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறது. சிமென்ட் மூட்டையிலிருந்து சகலமும் ஹெலிகாப்டரிலோ சரக்குக் கம்பிவடத்திலோதான் மேலே போகணும். கட்டுமானம் செய்ய ஆண்டுக்கு மூன்று மாதம் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

'ரேட்டை ஏத்திட்டா போச்சு'

எளிய தீர்வு மாதிரித் தெரியும். ஆனால் குடில் ஹோட்டல் இல்லை. வரிசையாகப் போட்ட மெத்தைகள், சொந்தமாகக் கொண்டுபோகும் மெல்லிய உறங்குபை, இரவு பத்து மணிக்கு விளக்கு அணைப்பு. சங்க உறுப்பினருக்குத் தங்கும் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு, மலையேறிகளுக்கென விலை குறைந்த ஒரு சாப்பாடும் உண்டு. யார் வேண்டுமானாலும் மலைக்கு வரலாம் என்ற எண்ணத்தில் வைத்த விதிகள் இவை. கட்டணத்தை ஏற்றினால் முதலில் அடிபடுவது மாணவர்களும் குழந்தைகளோடு வரும் குடும்பங்களும்தான்.

அடுத்து, குடிலை நடத்துபவர் பெரும்பாலும் குத்தகைதாரர். உணவு விற்பனை அவர் வருமானம். கட்டிடம் சங்கத்துடையது. பாதைக்கோ வருமானமே கிடையாது. மதியம் ஒரு காபிகூடக் குடிக்காமல் 20 கிலோமீட்டர் நடந்துவிட்டு மாலையில் கீழே ஹோட்டலுக்குத் திரும்புபவர், அந்தப் பாதைக்கு நேரடியாக ஒரு சென்ட்கூடக் கொடுப்பதில்லை. ஹோட்டலில் அவர் கட்டும் தங்கல் வரி, உள்ளூர் சுற்றுலா வாரியத்துக்குப் போகும். கீழ்ப்பகுதி நடைபாதைகளை வாரியங்களும் பராமரிக்கின்றன என்பது உண்மை. ஆனால் செலவு எகிறுவது 2,500 மீட்டருக்கு மேலே.

சங்கங்களின் வாதத்தில் வலுவான இடம் இதுதான். பலன் மொத்தப் பள்ளத்தாக்குக்கும் போகிறது, செலவு மட்டும் மியூனிக்கிலும் பெர்லினிலும் சந்தா கட்டுபவர் தலையில். ஜெர்மன் சங்கத்துக்கு 15 லட்சம் உறுப்பினர்கள், ஆஸ்திரியச் சங்கத்துக்கு 7 லட்சத்துக்கும் மேல். "இவ்வளவு பேர் இருந்தும் பணம் இல்லையா?" என்ற எதிர்க்கேள்வியும் நியாயமே. ஆனால் சந்தா பயிற்சிக்கும் காப்பீட்டுக்கும் கிளை நிர்வாகத்துக்கும் சேர்த்துத்தான். சிறு கிளையிடம் ஒரு குடில் இருந்து, அதன் அடித்தளம் ஆட்டம் கண்டால், அந்தக் கிளையின் கதை முடிந்தது.

அரசு என்ன செய்யும்? ஆஸ்திரியாவே இப்போது செலவைச் சுருக்கும் நிலையில்தான் இருக்கிறது. பற்றாக்குறை வரம்பு மீறியதற்காக 2025இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது நடவடிக்கை தொடங்கியது.

மாடு முட்டினால் யார் பொறுப்பு?

பணம் ஒரு பக்கம். பொறுப்பு இன்னொரு பக்கம். பாதைகள் பெரும்பாலும் விவசாயிகளின் மேய்ச்சல் நிலத்தின் வழியே போகின்றன. 2014இல் ஸ்டுபாய் பள்ளத்தாக்கில், நாயோடு நடந்துபோன ஜெர்மன் பெண் ஒருவரை மாடுகள் தாக்கிக் கொன்றன. 2019இல் முதல் தீர்ப்பு மாட்டுக்காரரைப் பெரும் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. டிரோல் விவசாயிகள் கொதித்தார்கள், பாதையை மூடிவிடுவோம் என்று குரல்கள் எழுந்தன. கடைசியில் பொறுப்பு இரு தரப்புக்கும் பாதிப் பாதி என்பதை 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

பாதையைப் பராமரிப்பவருக்குச் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. மிகப்பெரிய அலட்சியம் இருந்தால் மட்டுமே அவர் மாட்டிக்கொள்வார். ஆனாலும், சம்பளமில்லாமல் பெயின்ட் டப்பாவோடு மலையேறும் ஒருவர், "மேலே பாறை விழுமா விழாதா" என்று கையெழுத்துப் போட வேண்டிய காலம் இது. அந்த வேலைக்கு இளைஞர்கள் வரத் தயங்குவதில் ஆச்சரியமில்லை.

எல்லாவற்றையும் காப்பாற்றணுமா?

இங்கேதான் சங்கங்களுக்குள்ளேயே சங்கடம். ஆல்ப்ஸில் புதிய இடங்களில் கட்டியது போதும் என்று 1970களிலேயே முடிவெடுத்தவர்கள் இவர்கள். ஸ்கீ நிறுவனங்கள் மலையைக் குடைவதை எதிர்ப்பவர்களும் இவர்களே. ஓட்ஸ்டாலையும் பக்கத்துப் பிட்ஸ்டாலையும் பனியாறுகள் வழியே இணைக்கும் மாபெரும் ஸ்கீ திட்டம், 2022 ஜூலையில் பிட்ஸ்டால் மக்களின் வாக்கெடுப்பில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றது. அதில் மகிழ்ந்தவர்கள், இளகும் பாறையில் கான்கிரீட் ஊற்றித் தங்கள் குடிலை மட்டும் காப்பாற்றணும் என்று எப்படிக் கேட்பது?

ஆனால் ஒரு குடிலைக் கைவிடுவது ஒரு கட்டிடத்தை மட்டும் கைவிடுவது அல்ல. ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டார்ஃபிலிருந்து இத்தாலியின் மெரானோவுக்கு ஆறேழு நாளில் நடந்தே ஆல்ப்ஸைக் கடக்கும் பிரபலமான வழியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுன்ஷ்வைக், மார்ட்டின் புஷ் என்று ஒவ்வொரு குடிலும் ஒரு நாள் நடைதூரத்துக்கு ஒன்றாக இருக்கிறது. நடுவில் ஒன்று போனால், ஒரே நாளில் இரு நாள் தூரம் நடக்கணும். அனுபவசாலிகள் சமாளிப்பார்கள். மற்றவர்கள் வழியில் இருட்டிலோ மின்னலிலோ மாட்டுவார்கள். புயலில் ஒதுங்க இடம் என்ற அர்த்தத்தில்தான் ஜெர்மன் மொழியில் இவற்றுக்கு 'பாதுகாப்புக் குடில்' என்றே பெயர்.

எதைப் பழுதுபார்ப்பது, எதை இடம் மாற்றுவது, எதை இடித்துவிட்டு இறங்குவது என்று குடில் குடிலாக முடிவெடுத்தாக வேண்டும். 9.5 கோடி யூரோ வந்தாலும் அந்தக் கணக்கு தீராது.

ஓட்ஸ்டாலின் குடில்கள் ஜூன் பிற்பாதியில் திறந்து செப்டம்பர் இறுதியில் மூடும். அதற்கும் முன்பே, ஒவ்வொரு ஜூனிலும், இத்தாலிப் பக்கத்துச் சினால்ஸ் பள்ளத்தாக்கின் மேய்ப்பர்கள் ஆயிரக்கணக்கான ஆடுகளை ஓட்டிக்கொண்டு இதே கணவாய்களைக் கடந்து ஃபென்ட் புல்வெளிக்கு வருகிறார்கள். குடில்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே நடக்கிற பயணம் அது. அவர்களும் இப்போது பனி விலகிய இடங்களில் புது வழி தேடித்தான் மந்தையை ஓட்டுகிறார்கள்.